என் கை வேண்டாம், பங்கஜம்

அன்புள்ள பங்கஜம்,

உன் கடிதம் நேற்று மத்தியானத் தபாலில் வந்தது. சீமந்தம் முடிந்த கையோடு மாப்பிள்ளை உன்னைத் திருச்சியிலிருந்து ரயிலேற்றி இங்கே அழைத்து வருகிறார் என்று படித்ததும், அடுப்பில் பால் இருப்பதையே மறந்துவிட்டேன். அது பொங்கி வழிந்து அடுப்பை அணைத்துவிட்டது. துடைத்துவிட்டு வந்து மிச்சத்தைப் படித்தேன். "அம்மா, உன் கையைத் தவிர வேறு கை என் மேல் படக்கூடாது. மயிலாப்பூரில் பாதிப் பேருக்குப் பிரசவம் பார்த்த கை, உன் சொந்தப் பெண்ணுக்குப் பார்க்காதா?" என்று எழுதியிருக்கிறாய். ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. காலையில் கோயிலுக்குப் போனேன். குளத்தங்கரையில் உட்கார்ந்துவிட்டு உள்ளே போகாமலேயே திரும்பி வந்தேன். உனக்கு நேரில் சொல்லத் தைரியம் வராது என்று தெரிந்துதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். மாப்பிள்ளையும் இதைப் படிக்கட்டும். ஒளிக்க ஒன்றுமில்லை. அவருக்கும் இதெல்லாம் தெரிந்திருப்பது நல்லதுதான்.

பங்கஜம், என் வலது கை நடுங்குகிறது. காபி ஆற்றும்போதுதான் முதலில் பார்த்தேன். டம்ளர் டபராவின் விளிம்பில் தட்டித் தட்டிச் சத்தம் போட்டது. காற்றாக இருக்கும், களைப்பாக இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். போன ஆடி மாதம் தெற்கு மாட வீதிக்குப் பின்னால் ஒரு வீட்டில் பிரசவம். குழந்தை பிறந்து நன்றாக அழுதும் விட்டது. தொப்புள்கொடியைக் கட்ட நூலை எடுத்தேன். முடிச்சு விழவில்லை. திரும்பவும் போட்டேன், விழவில்லை. அந்தப் பெண்ணின் மாமியார் பக்கத்தில் நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது துணைக்கு வந்திருந்த கன்னியம்மா, "நூலு ஈரமா கீது நர்சம்மா, குடு இப்படி" என்று என் கையிலிருந்து வாங்கி ஒரு நொடியில் கட்டி முடித்தாள். நூல் ஈரமாக இல்லை. எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அன்று முதல் கொடி கட்டுவது அவள் வேலை, குழந்தையைத் துடைப்பது என் வேலை என்று ஆகிவிட்டது.

மாப்பிள்ளைக்குக் கன்னியம்மாவைத் தெரியாது. உனக்குத் தெரிந்ததெல்லாம், உனக்குத் தலை வாரிப் பின்னிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிய கன்னியம்மாதான். என் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தவள். ராயப்பேட்டை மார்க்கெட்டுக்குப் பின்புறம் ஒரு குடிசையில் இருந்தாள், கட்டியவன் விட்டுப் போய்விட்டான். அவளைப் பற்றி உனக்குத் தெரியாதது நிறைய இருக்கிறது. அதைச் சொல்லுமுன் என்னைப் பற்றி உனக்குத் தெரியாததைச் சொல்லியாக வேண்டும்.

உன் அப்பா காலமான பிறகு நான் ஆஸ்பத்திரியில் சேர்ந்து பிரசவம் பார்க்கும் மிட்வைஃப் படிப்புப் படித்தேன். ஊர் வாய்க்கு அவல் கிடைத்தது. வெள்ளைப் புடவையும் குடையும் பையுமாக நான் தெருவில் நடந்தபோது, "இந்தப் பொம்பளைக்குத்தான் என்ன துணிச்சல்" என்றார்கள். நீயும் அப்படித்தான் நினைத்தாய். பள்ளிக்கூடத்துக் கட்டுரையில் "என் அம்மா எதற்கும் அஞ்சாதவள்" என்று எழுதி வந்து காட்டினாய், ஞாபகம் இருக்கிறதா? அன்று எனக்கு அழுகை வந்தது, நீ பெருமையில் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டாய். நான் பயந்தாங்கொள்ளி, பங்கஜம். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் எனக்குக் கால் பின்னும். உள்ளே ஒருத்தி உயிருக்கும் சாவுக்கும் நடுவே கிடக்கிறாள், எல்லாரும் என் முகத்தையே பார்க்கிறார்கள், எனக்கோ படித்ததெல்லாம் மறந்துபோன மாதிரி இருக்கும். அதனால்தான் நுழைந்ததும் நுழையாததுமாக யாரையாவது பிடித்துத் திட்டுவேன். "வெந்நீர் எங்கே? ஜன்னலை யார் அடைத்தது? இத்தனை பேர் இங்கே என்ன வேடிக்கையா பார்க்கிறீர்கள்?" ஊரெல்லாம் என்னைக் கண்டிப்பான நர்சு என்றது. கன்னியம்மா ஒருத்திக்குத்தான் தெரியும். "நர்சம்மா கத்துதுன்னா பயந்துகினு கீதுன்னு அர்த்தம்" என்று ஒரு நாள் சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குக் கோபம் வந்தது.

மற்ற நர்சுகள் பிரசவ அறைக்குள் போனதும் எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார்கள். கை வித்தையை இன்னொருத்தி பார்த்துவிட்டால் அடுத்த அழைப்பு அவளுக்குப் போய்விடுமோ என்ற பயம். எனக்கு அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அந்த அறையில் தனியாக நிற்கும் பயம். அதனால் பை தூக்கி வந்தவளை உள்ளேயே நிறுத்திக்கொண்டேன். கற்றுக்கொடுக்க வேண்டும் என்ற பெரிய மனசெல்லாம் இல்லை. பக்கத்தில் ஒரு ஆள் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தால் போதும் என்றிருந்தது.

அவள் சும்மா மூச்சுவிடுகிறவளாக இருந்தால்தானே! டிராம் ஏறி உட்கார்ந்ததும் ஆரம்பிப்பாள். "வயித்துல கைய வெச்சிக்கினு இன்னா பார்த்தே?" குழந்தையின் முதுகு எந்தப் பக்கம் என்று பார்த்தேன் என்பேன். "எப்படித் தெரியும்?" தெரியும், அவ்வளவுதான் என்பேன். "அவ்ளோதான்னா இன்னா நர்சம்மா? உன் கைக்குத் தெரிஞ்சுது, உனக்குத் தெரியலியா?" என்பாள். டிராமில் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். வீட்டுக்கு வந்து யோசித்தால், அவள் கேட்டதற்கு உண்மையிலேயே எனக்குப் பதில் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் சொன்னார்கள், செய்தேன், பழகிவிட்டது. ஏன் என்று நான் கேட்டதே இல்லை. மறுநாள் அவளுக்குச் சொல்வதற்காகவே இன்னொரு முறை கவனமாகத் தொட்டுப் பார்த்தேன். ஒரு பக்கம் வழுவழுவென்று நீளமாக, கெட்டியாக இருந்தது. அது முதுகு. மறுபக்கம் மேடும் பள்ளமுமாக, விரல் பட்டால் நழுவுகிற சின்னச் சின்ன முட்டிகள். அது கையும் காலும். எத்தனையோ வயிறுகளைத் தொட்டிருக்கிறேன், அன்றுதான் என் கை என்ன பார்க்கிறது என்று எனக்கே தெரிந்தது. அப்புறம் அது எங்களுக்குள் ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. முதலில் அவள் தொடுவாள், பிறகு நான். இரண்டு பேரும் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு, எது முதுகு, தலை எங்கே என்று சொல்ல வேண்டும். படுத்திருக்கிற பெண்ணும் வலியை மறந்து சிரித்துவிடுவாள். அவள் தப்பாகச் சொன்னால் ஏன் தப்பு என்று நான் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லப் போய்த்தான் நான் தேறினேன். அதுவரை நான் சுமாரான நர்சுதான், பங்கஜம். 'ராசியான கை' என்று ஊர் சொல்ல ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். அந்த ராசி எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது.

எல்லா வீட்டிலும் அவளை உள்ளே விட்டுவிடவில்லை. கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய வக்கீல் வீடு. கொல்லைப்புறச் சந்து வழியாகத்தான் எங்களை அழைத்துப் போனார்கள். பிரசவ அறையே தீட்டு, அதனால் அது வீட்டுக்குக் கடைசியில் இருந்தது. ஆனாலும் அந்த வீட்டு மாமி குறுக்கே வந்து நின்றாள். "நர்சு மட்டும் உள்ளே வரட்டும். அந்தப் பொம்மனாட்டி கொல்லைலயே இருக்கட்டும். இவாளையெல்லாம் ஆத்துக்குள்ள விட முடியாது" என்றாள். அந்த வீட்டைப் பகைத்துக்கொண்டால் அந்தத் தெருவே எனக்கு இல்லை. உனக்கு அப்போது பள்ளிக்கூடச் சம்பளம் கட்ட வேண்டிய சமயம். "அவ வெளியில நின்னா நானும் வெளியிலதான் நிப்பேன்மா" என்று சொல்லிவிட்டேன். என்ன சொன்னேன் என்பது சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது. உள்ளேயிருந்து அந்தப் பெண் அலறினாள். மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டு வழிவிட்டாள். இதைத் தைரியம் என்று நினைத்துவிடாதே. தனியாக உள்ளே போவதைவிட அந்தத் தெருவை இழப்பது எனக்குச் சின்னப் பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

இப்போது மாம்பலத்து வீட்டுக்கு வருகிறேன். இதை உனக்கு நான் சொன்னதே இல்லை. அந்தப் பக்கம் ஏரியைத் தூர்த்து மனை போட்டு, புதுசு புதுசாக வீடு கட்டிக்கொண்டிருந்த சமயம். ஐப்பசி மழை. இங்கே மயிலாப்பூரில் ஒரு பிரசவத்தில் நான் கையை எடுக்க முடியாமல் இருந்தபோது அங்கிருந்து ஆள் ஓடி வந்தான். கன்னியம்மாவை முன்னால் அனுப்பினேன். "வலி எப்படி வருதுன்னு பாரு. வெந்நீர் போடச் சொல்லு. நான் வந்துடறேன்" என்றேன். இங்கே முடித்துக்கொண்டு ஜட்கா வண்டியில் ஏறினால், வண்டி பாதி வழியில் சேற்றில் புதைந்துவிட்டது. மிச்சத்தைப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்தேன். சுண்ணாம்பு காயாத அந்தப் புது வீட்டுக்குள் நான் நுழைந்தபோது, குழந்தை கால் பக்கமாக வந்துகொண்டிருந்தது. காலும் இடுப்பும் முதுகும் வெளியே, தலை உள்ளே. கன்னியம்மா கட்டிலின் ஓரத்தில் மண்டியிட்டு, வெதுவெதுப்பான துணியைக் குழந்தையின் இடுப்பில் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தாள். இழுக்கவில்லை. சும்மா தாங்கிக்கொண்டிருந்தாள்.

குடையை எறிந்துவிட்டு, "தள்ளு, தள்ளு" என்று பாய்ந்தேன். என் கை குழந்தையைப் பிடித்து இழுக்கப் போய்விட்டது, பங்கஜம். அப்படி வரும் குழந்தையை அவசரப்பட்டு இழுத்தால் அதன் கை மேலே தூக்கிக்கொள்ளும், தலை மாட்டிக்கொள்ளும் என்று எனக்குத் தெரியாதா? டிராமில் அவளுக்கு அதைத்தானே திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன். அந்த நிமிஷத்தில் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. பயம் மட்டும்தான் இருந்தது. கன்னியம்மா தலையைத் திருப்பக்கூட இல்லை.

"கை வெக்காதே நர்சம்மா. இழுக்கக் கூடாதுன்னு நீதானே சொன்னே. பின்கழுத்து முடி தெரியறமுட்டும் காத்துகினு இருக்கணும்னு நீதானே சொன்னே."

"அப்ப சும்மா நிக்கச் சொல்றியாடி?"

"ஆமா, நில்லு. நானும் பயந்துகினுதான் கீறேன்."

நின்றேன். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒன்றை ஒன்று நழுவ விடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் அதைவிடக் கஷ்டமான வேலை நான் செய்ததில்லை. அந்தப் பெண் முக்கினாள். குழந்தையின் பின்கழுத்தில் ஈரமான கறுப்பு முடி தெரிந்தது. கன்னியம்மா காலைப் பிடித்து மெதுவாக மேலே தூக்கினாள். வாய் வந்தது, மூக்கு வந்தது, நெற்றி வந்தது. குழந்தை நீலமாக இருந்தது, அழவில்லை. அவள் முதுகைத் தேய்த்தாள், நான் வாயைத் துடைத்தேன். அப்போது என் கை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. சரியாகத்தான் வேலை செய்தது. பிறகு அது பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் போட்டது. அப்புறம் வீடே அதிர அழுதது. நான் அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்து, அந்தக் குழந்தையைவிட அதிகமாக அழுதேன்.

திரும்பி வரும்போது மழை விட்டிருந்தது. நான் பயத்தில் தொலைத்ததை அவள் எனக்காக வைத்திருந்தாள் என்பதுதான் மனசில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வித்தையை நான் என்னிடமே பூட்டி வைத்திருந்தால் அந்தக் குழந்தை என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் முழுசாக நினைத்துப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. அதற்கு அப்புறம்தான் நான் அவளுக்கு மனசறிந்து கற்றுக்கொடுத்தேன். டிராம் பலகைகளைக் காட்டி எழுத்துக் கூட்ட வைத்தேன். ஆஸ்பத்திரி வகுப்புக்கு அனுப்பினேன். அவளும் தேறி வந்தாள். தேறி வந்ததும் வேறு பயம் பிடித்துக்கொண்டது. அடையாறு பக்கம் ஒரு வீட்டிலிருந்து ஆள் வந்து, "கன்னியம்மாவை அனுப்புங்க, போதும்" என்றான். என் முகம் சுருங்கிவிட்டது. அன்று முழுக்க அவளிடம் சிடுசிடுவென்று இருந்தேன். சாயங்காலம் அவள் திரும்பி வந்து, அந்த வீட்டில் என்ன ஆயிற்று, எங்கே தடுமாறினாள், அடுத்த தடவை எப்படிச் செய்யலாம் என்று என்னிடம் கேட்டாள். நாங்கள் இருவரும் அதைப் பேசிப் பேசி, எனக்கும் தெரியாத ஒன்றைக் கண்டுபிடித்தோம். என் சிடுசிடுப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

இதையெல்லாம் உனக்கு ஏன் சொல்கிறேன் என்றால், நீ என் பயத்தை வாங்கிக்கொண்டு பிறந்தவள். ரயில்வே காலனிப் பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுக்கிறாய் என்று சந்தோஷப்பட்டேன். போன கடிதத்தில், அவர்கள் கோணலாகத் தைத்ததை வீட்டுக்கு எடுத்து வந்து பிரித்து நீயே நேராகத் தைத்துக் கொடுத்துவிடுவதாக எழுதியிருந்தாய். அதைப் படித்தபோது மாம்பலத்தில் பாய்ந்த என் கைதான் எனக்குத் தெரிந்தது. வேண்டாம் பங்கஜம். கோணலாகவே இருக்கட்டும். ஏன் கோணிற்று என்று அந்தப் பெண்ணையே கேள். அவள் பதில் சொல்லத் திணறுவாள், நீயும் திணறுவாய். அப்படித் திணறினால்தான் இரண்டு பேருக்கும் தையல் வரும். நாளைக்கு உன் குழந்தை நடக்கும்போதும் உனக்கு இதுவேதான் வேலை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். உன்னால் முடியுமா என்று எனக்குச் சந்தேகம்தான். எனக்கே இன்னும் சரியாக வரவில்லை.

நேற்றுச் சாயங்காலம் கன்னியம்மாவை உட்கார வைத்து, உன் பிரசவத்தை அவள்தான் பார்க்க வேண்டும் என்று சொன்னேன். "பங்கஜம் பாப்பாவுக்கா? ஐயோ, என்னால ஆவாது நர்சம்மா. வேற யாருக்குன்னா பார்ப்பேன். நான் சடை போட்ட பொண்ணு அது, என் கை ஓடாது" என்று அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. அடக்கிக்கொண்டேன். அதற்குப் பதிலாகக் கத்தினேன். "அப்ப என்னை இந்தக் கையோட செய்யச் சொல்றியா? பாரு!" என்று கையை நீட்டினேன். நடுங்கிய கையை அவள் முன்னால் முதல் தடவையாக ஒளிக்காமல் நீட்டினேன். அவள் அதைத் தன் இரண்டு கைக்குள் வைத்து மூடிக்கொண்டாள். "நீ கூட இருந்தியானா செய்யறேன். ஆனா குறுக்கே வரக் கூடாது" என்றாள். வர மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். நான் சொன்னதை அவள் எவ்வளவு தூரம் நம்பினாள் என்று தெரியாது.

மாப்பிள்ளை ஆஸ்பத்திரி என்று சொல்வார். அவர் பயம் எனக்குப் புரிகிறது. வலி கண்டதும் வாசலில் ஒரு வண்டி நிற்கும். கன்னியம்மாவுக்கு ஒரு சின்னச் சந்தேகம் வந்தாலும் ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதுதான், கௌரவம் பார்க்க மாட்டாள். நானும் பார்க்க மாட்டேன். நீ வரும்போது பழைய பருத்திப் புடவைகளாகப் பார்த்து எடுத்து வா, நன்றாகத் துவைத்து நைந்ததாக இருக்கட்டும். சீமந்தத்துக்கு நான் வந்து நிற்க முடியாது என்பது உனக்குத் தெரியும். உன் சித்தி வந்து வளையல் போடுவாள். அதற்காக மனசைக் கெடுத்துக்கொள்ளாதே. ரயிலில் ஜன்னல் பக்கம் உட்காராதே, கரி கண்ணில் விழும்.

எனக்கு இருக்கும் பயத்தை எழுதி முடிக்க முடியாது. உன் இடுப்பு என் இடுப்பு மாதிரி ஒடுக்கம் என்று பயம். மழைக்காலத்தில் நாள் வருகிறதே என்று பயம். பெற்ற தாயே தன்னைத் தள்ளிவிட்டாள் என்று நீ நினைத்துவிடுவாயோ என்றுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய பயம். என் கை வேண்டாம் என்கிறேனே தவிர, நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. உன் தலைமாட்டில் உட்கார்ந்திருப்பேன். கத்த மாட்டேன். யாரையும் திட்ட மாட்டேன். வலி வரும்போது என் கையைப் பிடித்துக்கொள். அது நடுங்கும். நீ கெட்டியாகப் பிடித்தால் ஒருவேளை நிற்கும்.

அம்மா